மச்சக்காரி

ஆய்வுக்கூடத்தில் அவளை மச்சக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மெலனோமா என்கிற தோல் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள், நாளெல்லாம் அடுத்தவர் மச்சத்தையே உற்றுப் பார்ப்பவள். பெயர் வந்ததற்கு அது பாதிக் காரணம். மறுபாதி, அவளுக்கு அடித்த யோகம். எந்த மச்சத்தைக் கண்டு பயப்பட வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று இளவயதில் ஒரு கட்டுரை எழுதினாள். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது போட்டதுதான் தாமதம், உலகமெங்கும் எடுத்தாள ஆரம்பித்துவிட்டார்கள். மேற்கோள் நூறானது, ஆயிரமானது, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். சும்மா. காலையில் அந்த எண்ணைப் பார்க்காமல் அவளுக்கு ஒரு வாய் காபி இறங்காது.

கட்டுரையில் இரண்டாம் படம்தான் பிரசித்தம். தோளில் ஒரு மச்சம். ஓரம் கொஞ்சம் கோணல், நிறமும் ஒரே சீராக இல்லை. பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒன்றும் செய்யாது என்று கீழே எழுதியிருக்கும். பாடப்புத்தகங்கள்கூட அதை எடுத்துப் போட்டுக்கொண்டன. அந்தத் தோள் அவளுடைய தங்கையின் தோள்.

தங்கை நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பாதி வாழ்க்கை வெயிலில், மீதி பேச்சில். அக்காவைப் பார்த்ததும் முதல் கேள்வி, "என் தோளுக்கு இப்ப எவ்வளவு?" என்பதுதான். மேற்கோள் எத்தனை என்று அர்த்தம். அக்காவும் வெட்கப்படுவதுபோல் பாவனை செய்துவிட்டு, அன்றைய எண்ணைத் துல்லியமாகச் சொல்லிவிடுவாள்.

ஒன்றை மட்டும் அக்கா வெளியே மூச்சுவிட்டதில்லை. கட்டுரையிலிருந்த மற்ற மச்சங்களையெல்லாம் வெட்டியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தார்கள். தங்கையின் மச்சத்தை மட்டும் வெட்டவில்லை. கத்தி என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு உடம்பு உதறும்; அன்று அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். படமோ அத்தனை தெளிவு, விட மனசு வரவில்லை. ஒன்றும் செய்யாது என்று அக்காவின் கண் சொன்னது. அவள் தன் கண்ணை நம்பினாள், உலகம் அவளை நம்பியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் குவிந்திருந்த துணியை மடித்துக்கொண்டே தங்கை ஆரம்பித்தாள்.

"ஒரு கூத்தைக் கேளு. போன வருஷம் தோள்ல ஒரே அரிப்பு. ஒரு தோல் டாக்டர்கிட்ட போனேன். உன்கிட்ட சொன்னா நீ பெரிசு பண்ணுவேன்னு சொல்லலை."

"போன வருஷமா?"

"முழுசாக் கேளேன். மனுஷன் நல்லா உத்துப் பாத்தாரு. அப்புறம் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரிச்சு, 'பாருங்கம்மா, அச்சு அசல் இதே மாதிரி இருக்கு, இது ஒண்ணும் செய்யாது, தைரியமாப் போங்க'ன்னாரு. பாத்தா, என் தோளு. எனக்குச் சிரிப்பு தாங்கலை."

சொல்லிவிட்டு மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தியின் மச்சத்தை அதே மச்சத்தின் படத்தோடு ஒப்பிட்டு நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான், கடன்காரப் பாவி. திட்ட வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அவன் படித்ததைச் செய்தான். படத்துக்கு அடியில் இருந்தது இவள் பெயர்.

அன்று காலைகூட எண் கூடியிருந்தது, காபியும் இனித்திருந்தது. எந்த ஊரில், எவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, எந்த டாக்டர் அந்தப் பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டிருக்கிறாரோ.

"திரும்பு. தோளைக் காட்டு."

"துணியை மடிச்சுட்டு..."

"திரும்புடி."

கைப்பையில் எப்போதும் இருக்கும் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். படத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். தோளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியைத் தோல்மீது அழுத்தினாள். படத்திலிருந்த மச்சம் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டிப் பக்கவாட்டில் கருநீலமாக ஒன்று படர்ந்து, நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. அந்த நீலம் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி எல்லாமே அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் துவைக்கிற மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" முதுகைக் காட்டியபடியே தங்கை கேட்டாள். "சொல்லு மச்சக்காரி. என் தோளுக்கு இப்ப எவ்வளவு?"

அந்தக் கேள்விக்கு அக்காவிடம் எப்போதும் பதில் இருந்திருக்கிறது.

"தெரியலைடி," என்றாள். "வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கண்ணாடிக்கு அடியில் தங்கையின் தோள் நடுங்க ஆரம்பித்தது.