அக்காவின் வெள்ளிக்கிழமைக் கால்

ஒரே நகரத்துக்குள், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனதைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். நோகிற காலோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும்.

அக்காவுக்கு நாலு வருடமாகப் பார்க்கின்சன். எட்டு மாதமாக வலது காலில் கடும் நோ. முழங்கால் டொக்டர் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார். கத்திக்குப் பயந்த அக்கா, கொட்டாஞ்சேனையில் ஓர் எண்ணெய் வைத்தியரிடம் போவோம் என்று பிடிவாதமாக நின்றாள். பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை செய்கிற எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவோடு வாதாடி வென்றவன் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு லீவு வெள்ளிக்கிழமைதான். முழங்கால் டொக்டரிடம் போனதும் ஒரு வெள்ளிதான்.

காலை 8.10க்கு ஓட்டோ ஏறினோம். பதினொரு கிலோமீட்டர். ஞாயிறு என்றால் அரை மணித்தியாலம். வெள்ளி காலையில் கொள்ளுப்பிட்டி தாண்டவே 8.45. கொம்பனித்தெருவில் ஏதோ மாடிக் கட்டடத்துக்குக் கம்பி இறக்குகிறார்கள் என்று பாதையின் பாதியை மறித்திருந்தார்கள். இருபது நிமிடம் அசையவில்லை. அக்கா காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஓட்டோக்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"குடிங்க அக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"வேண்டாம் தம்பி. வெள்ளி விரதம். மத்தியானப் பூசை முடியுமட்டும் பச்சைத் தண்ணியும் வாயில படாது."

விரதம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் தண்ணீரும் இல்லையென்றால்?

"அப்ப எட்டு மணிக்குப் போடுற பார்க்கின்சன் குளிசை?"

"விரதத்தில குளிசையோ? பின்னேரம் ரெண்டையும் சேர்த்துப் போடுவன்."

எனக்குத் தலை வெடித்தது. ஊருக்கெல்லாம் மருந்து உறையில் நேரம் எழுதிக் கொடுக்கிறவன் வீட்டில் இந்தக் கூத்து!

பார்க்கின்சனில் மூளையில் குறைவது டோபமின்; அந்தக் குளிசை ஈடு செய்வதும் அதைத்தான். டோபமின் என்றால் சந்தோஷம் தருவது என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். அது குறைந்தால் வருவது நடுக்கம் மட்டுமல்ல. மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கி நோவை மட்டுப்படுத்துகிற வேலையிலும் அதற்குப் பங்குண்டு. காலிலிருந்து நோவைக் கொண்டுபோகிற நரம்புக் கலங்களிலேயே அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. சில இடத்தில் நோவை அடக்கும், சில இடத்தில் கூட்டவும் செய்யும். ஆராய்கிறவர்களுக்கே இன்னும் முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் மருந்து இறங்க நோ ஏறுகிற நோயாளிகளைக் கடையில் நானே கண்டிருக்கிறேன். என் வீட்டில் இருந்தவளைத்தான் காணவில்லை. அவள் காலைப் பிடித்து முனகுவது வெள்ளிகளில்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

9.25க்குக் கொட்டாஞ்சேனை. மீட்டர் 1,240 ரூபா. அக்காவால் காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. வைத்தியர் இருப்பதோ மேல்மாடியில்.

"குளிசையைப் போடு," என்றேன்.

"ஏலாது. எட்டு மாசத்துக்கு முந்தி உன்ர நெஞ்சு ஒப்பரேசன் அண்டு சாமிக்கு வச்ச நேத்தி. நான் முறிச்சு உனக்கு ஏதும் நடந்தா?"

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. எனக்காக இவள் எட்டு மாதமாகக் காலை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"சரி, அந்த விரதத்தை இனி நான் பிடிக்கிறன். நீ விழுங்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

கைப்பையில் கிடந்த குளிசையை ஓட்டோக்காரரின் தண்ணீரிலேயே விழுங்கினாள். அவர் காத்து நின்றதற்குக் காசு வாங்கவில்லை. 10.10க்கு அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி தானாகவே மாடி ஏறினாள். வைத்தியர் முழங்காலை அமத்திப் பார்த்தார்.

"எங்கயம்மா நோகுது?"

அக்கா யோசித்தாள். காட்ட இடம் கிடைக்கவில்லை.

பிறகு, பார்க்கின்சனைப் பார்க்கிற நரம்பு டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டைச் சேர்த்துப் போட்டதற்கு நல்ல ஏச்சு வாங்கினாள். சத்திரசிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். எல்லா முழங்காலும் இப்படி இராது, உங்கள் டொக்டரைக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளியைத் தவிருங்கள், ஏழு மணிக்கு முன் வெளிக்கிடுங்கள். டொக்டரிடம் போகும்போது குளிசைப் பெட்டியோடு விரத நாட்களையும் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

இதை எழுதுகிற இன்றும் வெள்ளிதான். மணி பத்தரை. கண் இருட்டுகிறது. என் நெஞ்சுக் குளிசைகளை மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம் என்கிறாள் அக்கா, அதற்கு நேத்தியில் இடமுண்டாம். அந்த இடம் உனக்கு ஏன் இருக்கவில்லை என்று கேட்டேன், எழும்பிப் போய்விட்டாள். குசினியில் தோசை வார்த்துத் தானே சாப்பிட்டுக்கொண்டு, நான் களவாகத் தண்ணீர் குடிக்கிறேனா என்று நிமிடத்துக்கொருமுறை நடந்து வந்து பார்க்கிறாள்.