மூன்றாவது பெல்ட்டை நிறுத்தியவர்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் செக்கிங் செக்‌ஷன் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். யாரோ அக்காவின் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே ஒன்றும் எழுதவில்லை. பிறந்தநாள் போலிருக்கிறது என்று வாழ்த்துச் சொல்லப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது: "மூணு நாள் ஜுரம். காலையில போயிட்டாங்க."

நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் மகள் ரூத் கேட்டாள். "நீங்கதான் படிச்சவங்க. அம்மா பக்கத்துலயே நின்னவங்க" என்றாள். கேட்டு மூன்று ஞாயிறுகள் போய்விட்டன. மகள் தூங்கியதும் காகிதத்தை எடுப்பேன், எடுத்த வேகத்தில் மடித்து வைப்பேன். இன்று மாலை கூட்டம். இனியும் தள்ளிப்போட முடியாது.

சபையிலிருந்து வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனி வண்டிகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். பெல்ட்டில் வரிசையாக வரும் வளையங்களில் குறையுள்ளதைப் பொறுக்கி எடுப்பது எங்கள் வேலை. மூன்றாவது பெல்ட்டில் நானும் எஸ்தர் அக்காவும் எதிரெதிரே நிற்போம். நான் பி.எஸ்சி. வேதியியல் என்பதால் அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ டிகிரி, நாஷ்டா துன்னியா?" என்பார். "படிச்சதும் இங்கதான் நிக்குது, படிக்காததும் இங்கதான் நிக்குது. நடுவுல பெல்ட்டு மட்டும் ஓடிக்கினே கீது" என்று சிரிப்பார்.

வளையத்தை நகத்தால் அழுத்தினால் குழி விழும், எடுத்ததும் எழும்பிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் குழி எழும்பவில்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அக்கா இன்னொன்றை எடுத்து அழுத்தினார், பிறகு இன்னொன்று. ஐந்தாவதைக் கீழே வைத்துவிட்டு நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அதை நாங்கள் தொடவே கூடாது, லைன் லீடருக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டுந்தான் அனுமதி. பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"யாரையும் கேக்கல சார். இது எழும்பல. நீங்களே அமுக்கிப் பாருங்க."

"வேலை போவும், தெரியுமா?"

"போவட்டும் சார். மொதல்ல அமுக்கிப் பாருங்க."

ஆய்வகத்தில் பார்த்தபோது காலையிலிருந்து வந்த வளையங்கள் எல்லாமே சரியாக வேகாத ரப்பர் என்று தெரிந்தது. அவை வண்டியின் பிரேக்குக்குள் போகிறவை. பதிவேட்டில் 'மூன்றாவது பெல்ட் பெண் பணியாளர் நிறுத்தினார்' என்று மட்டும் எழுதினார்கள், பெயர் எழுதவில்லை. அந்த சூப்பர்வைசரும் பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

போன வருஷம் லைன் லீடர் வேலை ஒன்று காலியானது. எங்களில் ஒருவரையே நேர்முகத் தேர்வு வைத்து எடுப்பதாக அறிவித்தார்கள். நிரந்தர வேலை, பகல் ஷிஃப்ட் மட்டும். அப்போது என் மகளுக்கு ஒன்றேகால் வயது. நான் நைட் ஷிஃப்ட் போகிற வாரமெல்லாம் பாலுக்கு அழுதே தொண்டை கட்டிக்கொள்வாள். அக்காவுக்கு முட்டி வலி, சர்க்கரை. ராத்திரியில் நிற்க முடியவில்லை. இருவருமே விண்ணப்பித்தோம்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கம்பெனி பஸ் போகும் நேரம் முழுக்க, இரண்டு வாரம், அக்காவுக்கு நான்தான் சுய அறிமுகம் சொல்லிக் கொடுத்தேன். பேர், ஊர், படிப்பு, அனுபவம், பலம், பலவீனம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

"பலவீனம் இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது?"

"அளவுக்கு மீறி உழைச்சிடுவேன், அதான் என் பலவீனம்னு சொல்லுங்கக்கா."

"அய்ய! பொய்யி. ரெண்டு மணிக்கு மேல தூக்கம் சொக்கும். அதான் என் பலவீனம்."

பஸ்ஸே சிரித்தது. அந்த நாளில் பஸ்ஸில் இருந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "நம்மளப் பத்தி சொல்றதுன்னா நாம இன்னா செஞ்சமோ அதத்தான சொல்லணும்? நான் பெல்ட்ட நிறுத்துனத சொல்றேன். அத நல்லா சொல்லக் கத்துக் குடு, போதும்." கற்றுக் கொடுத்தேன். சுற்றி வளைத்ததை வெட்டினேன், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். கடைசியில் நகத்தால் அழுத்திக் காட்டச் சொன்னதும் நான்தான்.

தேர்வன்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பேர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அரை நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. "இதெல்லாம் விண்ணப்பத்துலயே இருக்கு. இங்க நீங்க என்ன செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லலாம்" என்றார் நடுவில் இருந்த அம்மா. இரவில் அழும் மகளின் முகம் மட்டும் கண்ணில் நின்றது. இரண்டு வாரம் பஸ்ஸில் நான் திருத்திய வாக்கியங்கள் அப்படியே நாக்கில் வந்தன. "ஒருநாள் குழி எழும்பவில்லை" என்று ஆரம்பித்தேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். கடைசியில் கட்டைவிரல் நகத்தை மேஜையில் அழுத்திக் காட்டினேன். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து அக்கா போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் ஒருத்தங்க இதையே சொன்னாங்கன்னு சிரிக்கிறாங்க" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நகத்தையுமா காட்டின?"

தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் நீங்கள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் மாறியது. அன்றிலிருந்து 'டிகிரி' இல்லை. "கௌசல்யா" என்று கூப்பிட்டார். என் பெயரைக் கேட்டு எனக்கே அவ்வளவு கூசும் என்று நான் நினைத்ததில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. மகள் இப்போது இரவெல்லாம் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அக்கா முட்டியில் துணி சுற்றிக்கொண்டு நைட் ஷிஃப்ட் வந்தார். காலையில் நான் உள்ளே நுழையும்போது அவர் வெளியே போவார். காய்ச்சலுக்குச் சில வாரம் முன்பு அப்படிப் போகிறவர் நின்று, என் உள்ளங்கையில் ஒரு வளையத்தை வைத்தார்.

"அமுக்கிப் பாரு."

அழுத்தினேன். குழி மெல்லத்தான் எழும்பியது. "நீங்களே நிறுத்தியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"நீதான லைன் லீடர். நீ நிறுத்து" என்றார். குரலில் குத்தல் இல்லை. நான் போய்ப் பொத்தானை அழுத்தித் திரும்புவதற்குள் பஸ் ஏறிவிட்டார். அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்போம் என்று நினைத்தேன். மகளுக்குப் பல் முளைக்கிறது, தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று ஏதாவது ஒரு காரணம் தினமும் கிடைத்தது.

ரூத், நீ கேட்டது இதையல்ல என்று தெரியும். ஆனால் உன் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரியது இதுதான், இதையே நான் எடுத்துக்கொண்டேன். நாளைக் காலை மனிதவளப் பிரிவில் இந்தத் தாளைக் கொடுக்கப் போகிறேன். பதிவேட்டில் அம்மாவின் பெயரை எழுதச் சொல்வேன். அதற்கப்புறம் என் வேலையை அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: நாம் என்ன செய்தோமோ அதைச் சொல்வது. அன்று அந்த மேஜை முன்னால் சொல்லியிருக்க வேண்டிய சுய அறிமுகத்தை இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

என் பெயர் கௌசல்யா. மூன்றாவது பெல்ட்டில் எஸ்தர் அக்காவுக்கு எதிரே நின்றவள். அந்த வளையத்தை நானும் அழுத்திப் பார்த்தேன், எனக்கும் குழி எழும்பவில்லை. அக்கா பொத்தானை நோக்கிப் போனபோது, "வேணாம்க்கா, நமக்கு எதுக்கு வம்பு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை உதறிவிட்டுப் போய்ப் பெல்ட்டை நிறுத்தினார்.