விரல் புகாத முகமூடி

அன்று காலை சிகிச்சை அறையைத் திறந்துகொண்டிருந்தபோது றிஸானா ராத்தாவின் தம்பி அழைத்தார். "ராத்தா மௌத்தாகிட்டா. அசர் தொழுகையோட அடக்கம்." முந்தைய மாலைதான், "நாளைக்கு நேரத்தோட வாறன் புள்ள" என்று சொல்லி ஏறாவூர் பஸ்ஸில் ஏறியவர். இரவில் மாரடைப்பு வந்திருக்கிறது.

வெல்லாவெளியில் வயல் செய்யும் எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். கதிர்சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்தபோது, எதிரில் இருப்பவருக்கே கேட்காத குரலில் பேசுவேன். என்னோடு இயந்திரத்தை இயக்கிய ராத்தா ஒருபோதும் சத்தமாகப் பேசச் சொன்னதில்லை. தன் காதைக் கிட்டக் கொண்டுவருவார். அக்காவை முஸ்லிம்கள் அழைக்கும் சொல்லாலேயே நானும் அவரை அழைத்தேன்.

எங்களோடு வேலை செய்தவர்களுக்குத் தையல்காரப் புவனாவை நினைவிருக்கும். மூளையில் ஒரே ஒரு கட்டி, நினைவைப் பதிக்கும் பகுதிக்குப் பக்கத்தில். முதல் நாளே கேட்டார்: "மிஸ், ஊராக்கள்ட சட்டை அளவெல்லாம் என்ட தலைக்குள்ளதான் கிடக்கு. கரண்ட் வச்சா அழிஞ்சு போயிருமா?"

ராத்தா பூசி மெழுகவில்லை. "முழு மூளைக்கும் கதிர் வச்சா, மாசக்கணக்கில போய் ஞாபகம் மங்கலாம். உங்களுக்குக் கட்டிக்கு மட்டும்தான் வைக்கிறம். ஆனா அதில பலம் கூட. ஒரு நூல் விலகினாலும் பக்கத்தில இருக்கிற நல்ல இடம் புண்ணாகும். தலை அசையப்படா."

தலையை மேசையோடு பிடித்துவைக்க, சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் இழுத்து அவருடைய அச்சிலேயே முகமூடி செய்தோம். அவருடைய அடர்ந்த கூந்தலும் அதற்குள் இருந்தது. சிகிச்சை தொடங்கும் நாளில் புவனா மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடனை முந்தைய நாள் தீர்த்திருந்தார்.

முகமூடியைப் பூட்டினோம். கூந்தல் போன இடைவெளியில், நெற்றியோரத்தில், என் விரல் உள்ளே போனது. "படம் எடுத்து நிலையைச் சரிசெய்யலாம்தானே, தொடங்குங்க," என்றார் வைத்தியர். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ராத்தா திரும்பினார்.

"என்ன சொன்ன புள்ள?"

"விரல் போகுது ராத்தா."

தன் விரலையும் விட்டுப் பார்த்தார். "இவ சொல்றது சரி, டொக்டர். படம் எடுக்கக்குள்ள தலை நேராத்தான் இருக்கும். கதிர் ஓடக்குள்ள அசைஞ்சா ஆரு பிடிக்கிற?"

வைத்தியர் தானும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். புது முகமூடி, புது ஸ்கேன், புதுத் திட்டம்.

வெளியே நின்ற கணவருக்குக் கோபம். "வயல்ல வேளாண்மை வெட்டுத் தொடங்கிட்டு மிஸ். மறுகா எப்ப வாற? மொட்டை அடிச்சது குத்தமா?"

"குத்தமில்ல தம்பி. அம்மனுக்கு முடியைக் குடுத்தாச்சு. மிச்சத் தலை எங்கட பொறுப்பு," என்றார் ராத்தா.

புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவரும் அடங்கினார்.

இன்று எங்கள் பிரிவில் யாருக்கும் முகமூடி செய்யுமுன், "நேர்த்தி ஏதும் கிடக்கா?" என்று கேட்கிறோம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கேள்வி. அதைத் தொடக்கியவர் ராத்தா.

அடக்கத்தன்று ஏறாவூருக்குப் போனேன். பெண்களிருந்த பக்கத்தில் புவனா இருந்தார். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. சிகிச்சை முடிந்த அடுத்த வருடம் ராத்தாவுக்கு ஓர் அபாயா தைத்துக் கொடுத்தவர் அவர். அளவுநாடாவைக் கையிலேயே எடுக்கவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"றிஸானா மிஸ்ஸுக்கு வலது தோள் ஒரு நூல் இறக்கம், மகள்," என்றார். "அது இன்னும் என்ட தலைக்குள்ள கிடக்கு."

ராத்தா போனபின் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த விரலும், அதற்குப் பிறகு சொல்லவேண்டிய ஒரு சொல்லும். போன கிழமை ஒருவருக்கு முகமூடியைப் பூட்டி நெற்றியோரத்தில் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

"நிப்பாட்டுங்க," என்றேன். அறையின் மறுகோடியில் நின்றவர் முதல் தடவையிலேயே திரும்பினார்.