கோயில் வரைக்கும்தானே

நேற்று மாலை என் மகள் தன் பொம்மை ஜீப்பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உடைந்த பொம்மை டிராக்டரின் பெரிய சக்கரங்களை அதில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை உருட்டியதும் உள்ளே இருந்த கம்பி வளைந்து சக்கரம் சாய்ந்துவிட்டது. நான் பதறி எழுந்துவிட்டேன். ஒரு பொம்மைக்கா இப்படி என்று நீங்கள் சிரிக்கலாம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள் நான், தாராளமாகச் சிரியுங்கள்.

வளைந்த கம்பியைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது கியர் ஆயில் வாசனை. கந்தகம் கலந்த, சோப்புக்கு மசியாத வாசனை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அதில்தான் இருந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு, மூலக்குளத்தில் ஜீப்புகளை மாற்றியமைக்கும் ஒரு ஷெட்டில் வேலை. வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. அம்மா என் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். "பொண்ணா பொறந்து இந்த நாத்தம் தேவையாடி?" என்பாள். அப்பாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வண்டியில சந்தேகம்னா எம் பொண்ணக் கேளு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எண்ணெயில் புரளலாம் என்றிருந்தது.

அப்போது தம்பி ஒரு பழைய ஜீப் வாங்கினான். மணலிலும் சேற்றிலும் ஏற்றி ஓட்ட அவனுக்கு இடுப்புயர டயர் வேண்டும். ஆனால் பெரிய டயர் என்றால் டயரோடு முடிவதில்லை. அது கனக்கக் கனக்க, அதைச் சுழற்றும் ஆக்ஸில், அதாவது அச்சுத்தண்டு, அதிகமாக முறுக்கப்படும். அந்த ஜீப்பில் பின்சக்கரம் தண்டின் நுனியிலேயே மாட்டியிருக்கும். தண்டு முறிந்தால் சக்கரமும் போய்விடும். கனமான ஆக்ஸிலாக மாற்ற வேண்டும் என்று நான்தான் எழுதினேன். கோயம்புத்தூரிலிருந்து அது வருவதற்குள் டயர் வந்துவிட்டது.

அந்த வாரம் மாதா கோயில் திருவிழா. பூசை முடிந்ததும் சாமியார் வண்டிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தம்பியின் வண்டியும் வரும் என்று அம்மா அவரிடம் சொல்லியாகிவிட்டது. பழைய டயரோடு கொண்டுபோகத் தம்பிக்கு மனமில்லை. பிறகு மாட்டினால் புது டயர் மந்திரிக்காத டயராகிவிடுமே என்று அம்மாவுக்கு வேறு கவலை.

"அக்கா, ஆக்ஸில் மாத்தாம டயர மட்டும் மாட்டுனா தாங்குமா?"

"கோயில் வரைக்கும்தானே. தாங்கும்."

"நெசமாவா? நீ சொன்னா மாட்டிடறேன்."

"மாட்டுடா. மந்திரிச்சிட்டு நேரா ஷெட்டுல வுட்டுடு."

'தாங்கும்னு நெனக்கறேன்' என்றுதான் சொன்னேனோ என்று சில நாள் தோன்றும். இல்லை. 'தாங்கும்' என்றுதான் சொன்னேன்.

திருவிழாவன்று நான் வீட்டில் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். தம்பி போன் செய்தான். "தீர்த்தம் தெளிச்சாச்சிக்கா. அப்பா வண்டியில ஏறி உக்காந்துகினு, வில்லியனூர் ரோட்டுல ஒரு ரவுண்டு வுடுன்றாரு. போவட்டுமா?" வெங்காயம் கருகப் போகிறது என்ற அவசரம் எனக்கு. "மெதுவா போ" என்றேன்.

ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கி மேலே ஏற்றும்போது தண்டு முறிந்தது. சக்கரம் கழன்று ஓட, வண்டி கவிழ்ந்தது. தம்பிக்குச் சிராய்ப்பு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. கோரிமேடு ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம், வீட்டுக் கட்டிலில் பத்து மாதம். அவர் எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா தம்பியின் மார்பில் அடித்தாள். "படிச்சவ வீட்லயே இருக்கா, அவள ஒரு வார்த்த கேட்டியாடா பாவி?" நான் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றேன். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, "கேக்கலமா" என்றான்.

அங்கேயே நான் வாய் திறந்திருக்கலாம். அப்பா இந்த நிலையில் இருக்கும்போது வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கஞ்சி ஊட்டினேன், படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அப்பா, "உன்னக் கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார். நான் ஆறிப்போன கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்பாவை அடக்கம் செய்த அன்றும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு முன்னும் சொல்லவில்லை.

தம்பி பிரான்ஸுக்குப் போய்விட்டான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், எங்கள் தெருவில் அது அதிசயமில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவோடு பேசுவான். அக்காவிடம் கொடு என்று கேட்பதில்லை. போனை வைத்ததும் அம்மா, "அப்பன முழுங்குனவன்" என்பாள், நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். விபத்துக்கு நான்கு நாள் கழித்து வந்த ஆக்ஸில், நெல்லித்தோப்பில் அம்மா வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் சாக்கு பிரிக்காமல் துருப்பிடித்துக் கிடந்தது. போன மாதம் பழைய இரும்புக்காரர் அதையும் கொண்டுபோய்விட்டார். ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

"கம்பிய நிமித்திட்டேன். இப்ப பெரிய சக்கரம் போட்டா தாங்குமாம்மா?" என்று மகள் பொம்மையை நீட்டினாள்.

"தெரியலடி" என்றேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் இதுதான் என் பதில். என்னைக் கேட்கச் சொன்ன அப்பா இப்போது இல்லை. நம்பிக் கேட்டவனோ, கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.