மின்வெட்டு நேரத்துப் பாட்டு

தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போன காலம் அது. திருநகரில் எங்கள் தெருவுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஊரே திட்டித் தீர்த்த அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான் ஒருவன் மட்டும் லீவு போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் எழுந்த பிறகு, "குரல் கொஞ்சம் மாறலாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்று சேர்த்துக்கொண்டார். அவள் பெரிய பாடகி ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பஜனையில் பாடுவாள், கீரை ஆயும்போது பாடுவாள். பதினோரு வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த குரலை நான் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கட்டியை நான் என்ன செய்ய முடியும்? குரலையாவது பிடித்து வைப்போம் என்று அலுவலக நண்பர் ஒருவரிடம் டிஜிட்டல் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், பேட்டரியில் ஓடும். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. அதுதான் என் சனியன். ஜன்னல்களில் போர்வை கட்டினேன். துணி எதிரொலியைக் குடிக்கும் என்று படித்திருந்ததால் பீரோவை அகலத் திறந்து, அடுக்கியிருந்த சேலைகளுக்கு முன்னால் அவளை நிற்க வைத்தேன். அரிசி டிரம்மின் மேல் தலையணை, அதன் மேல் ரெக்கார்டர், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் மூச்சுக் காற்று அதில் மோதிப் பொத்துப் பொத்தென்று கேட்கும். குரல் ஏறினால் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். அது மின்னக் கூடாது.

"சேலையப் பாத்துப் பாடச் சொல்றீங்க, எனக்கு எதை உடுத்தலாம்னுதான் நெனப்பு போகுது" என்றாள்.

"பேசாத. ஓடிக்கிட்டு இருக்கு."

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், பக்கத்து வீட்டுக் கிரைண்டர் நிற்கும், எல்லாம் அடங்கிவிடும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. ஃபேன் நின்றால் மனுஷர்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். எதிர் வீட்டு அம்மா தன் மருமகளைப் பற்றி மூன்று வீடு தள்ளியிருப்பவரிடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். உப்பு வண்டிக்காரர் வந்தார். நாய்க்கும் அப்போதுதான் குரைக்கத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் கையைக் காட்டி நிறுத்தினேன், உடனுக்குடன் அழித்தேன். வியர்த்து ஊற்ற ஊற்ற அவள் முதல் அடியிலிருந்து திரும்பத் தொடங்கினாள். ஆறாவது நாள் விளக்கைப் பார்த்துப் பார்த்து அவள் குரலே சுருங்கிப்போயிருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையில் தெருமுனை அம்மன் கோயிலில் பொங்கல் திருவிழா சாட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டெதிர்க் கம்பத்தில் குழாய் ரேடியோ ஏறியது. திருவிழா மூன்று நாளும் கரண்டை நிறுத்த வேண்டாம் என்று மின்வாரியத்தில் வேறு சொல்லிவைத்துவிட்டார்கள். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் ஆபரேஷன். மைக்செட்டுக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, அரைமணி நேரம் நிறுத்தும்படி கெஞ்சினேன்.

"நிறுத்துனா ஆத்தாவுக்குக் குத்தம்னு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாய்ங்கண்ணே" என்றார் அவர். "ஒண்ணு செய்ங்க. மதினிய இங்க கூட்டிட்டு வாங்க, மைக்க குடுக்குறேன். அவுக பாடுறப்ப வேற பாட்டு ஓடாதுல்ல? நீங்க உங்க மிஷின்ல பிடிச்சுக்கங்க."

குழாயின் கரகரப்பையும் கூட்டத்தின் இரைச்சலையும் பிடிக்கவா இத்தனை பாடு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் அதற்குள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பந்தலில் நின்று பாடினாள். முதல் பாட்டிலேயே பொங்கப்பானைப் பக்கமிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே பாடினாள். மூன்று பாட்டு. சிவப்பு விளக்கு மின்னுமோ என்று பயப்படாத குரல். ரெக்கார்டர் என் கையில்தான் இருந்தது, ஆன் செய்யவில்லை. பிறகு அழிக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். பாடி முடித்து என் கையைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன்.

"நல்லா வந்துச்சுல்ல?" என்றாள் வீட்டுக்கு நடக்கும்போது.

"ம்" என்றேன்.

திருவிழா முடிந்த மறுநாள் வழக்கம்போல் பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஊரே அசந்து தூங்கியது. சேலைகளுக்கு முன்னால் நின்று அவள் ஒரு பாட்டைப் பிசிறில்லாமல் பாடினாள். விளக்கு மின்னவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் வரவில்லை. ஒரு மாதம் என்றார்கள், ஆறு மாதம் என்றார்கள். காற்றும் கரகரப்புமாக ஒன்று மிஞ்சியது. அடுக்களையிலிருந்து அவள் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டுவாள்.

ரெக்கார்டரை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. வருடம் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அதப் போடுங்க, கேப்போம்" என்றாள். போட்டேன். மூன்று நிமிடம், அத்தனை சுத்தம். கண்ணை மூடிக் கேட்டவள், முடிந்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. அன்னைக்குக் கோயில்ல பாடுனேன்ல, அதப் போடுங்க."

பட்டன்களை அமுக்கித் தேடுவது போலத் தேடினேன். அவள் காதை ரெக்கார்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"பேட்டரி தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கிட்டு வாரேன்."

"மறந்துறாதீங்க" என்றாள், காற்றாக.