ராஜபாளையத்தில் எங்களுக்கு மூன்று குழி

தங்கவயலில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "சொந்த ஊர் எது?" என்றுதான். சுரங்க வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்த ஜனங்கள் நாங்கள். ஆளுக்கொரு ஊர்ப் பெயர் சொல்வார்கள். என் அப்பா அந்தோணிமுத்து மட்டும் அவசரமாக வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு, பேச முடியாதவர் போல் தலையை ஆட்டுவார். அடுத்த வருஷம் அவருக்கு வேலை முடிகிறது, கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "எங்கே போகப் போகிறாய்?" என்று கூட்டாளிகள் நச்சரிக்கத் தொடங்கிய பிறகு வெற்றிலை போதவில்லை. அதனால் முப்பத்தாறாம் வருஷம் மே மாதம், நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்தின் விடுமுறையில், அவரை இழுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டேன். எங்களைப் போல் முன்னோரைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆறு வயது இருக்கும்போதே பெற்றவர்கள் இருவரும் ஒரே கோடையில் காய்ச்சலில் போய்விட்டார்கள். சித்தப்பா ஒருவர் அவரைத் தங்கவயலுக்குத் தூக்கி வந்தார். தாத்தா சவரிமுத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிணறு வெட்டியவர் என்பது ஒன்று. "ஒங்கய்யாவும் ஆத்தாளும் மூணு குழியில கெடக்காவ" என்று அந்தச் சித்தப்பா அடிக்கடி சொன்னது இன்னொன்று. அப்பா கொண்டு வந்த சொத்து இவ்வளவுதான்.

எங்களுக்குக் குழி என்றால் பூமிக்குள் இறங்குகிற குழிதான். அப்பா தினமும் அதற்குள் போய்ப் பாறையில் துளை போடுகிறவர். ஆகவே, பெற்றோரை ஏதோ பாழுங்கிணறுகளில் போட்டு மூடிவிட்டார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, மேற்கொண்டு கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டார். சின்ன வயதில் எனக்கோ வேறு கவலை. ஆள் இரண்டு, குழி மூன்று என்றால் மூன்றாவது யாருக்கு?

ஜோலார்பேட்டை, ஈரோடு, திருச்சி, மதுரை என்று மாறி மாறி இரண்டு ராத்திரி ரயில். விருதுநகரில் செங்கோட்டை வண்டி பிடித்தோம். அதில் வலப்பக்க ஜன்னல்தான் நல்லது, மலை கூடவே வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி மேரி, இத நான் பாத்திருக்கேன். எங்கய்யா தோள்ல ஒக்காந்து பாத்திருக்கேன்!" என்று கத்தினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலின் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்து என்ற பெயரில் ஒரு கல்லும் இல்லை. மறுநாள் காலை சுடலை என்பவரின் மாட்டுவண்டியைப் பேசிக்கொண்டு ராஜபாளையம் கிளம்பினோம், ஏழு மைல். வழியில் கண்ட ஒவ்வொரு கிணற்றருகேயும் அப்பா வண்டியை விட்டு இறங்கி, "இந்தப் பக்கம் மூணு குழி இருக்காமே, மூணாவது எதுங்க?" என்று விசாரித்தார். மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்த ஒருவர், "மூணாவதா? மொத குழிலயே தண்ணி இல்ல!" என்றார். சுடலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எம்புட்டு கெணத்தத்தான் எட்டிப் பாப்பிய? மாடு மெரளுது. சேத்தூர் ரோட்டுல ஒரு மாந்தோப்பு இருக்கு, செத்த நேரம் நெழல்ல ஒக்காந்துட்டுப் போவோம்" என்றார் சுடலை.

ராஜபாளையத்தைத் தாண்டி இரண்டு மைல் போனால் அந்தத் தோப்பு. அங்கே பெரிய சண்டை. தோப்புக்காரி வெங்கம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்க, காய்க் குத்தகை பேச வந்த வியாபாரி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி மரத்தையும் சேத்துக் குடுங்க தாயி. காய்ப்பு அதுலதான இருக்கு?"

"அது சேராது. எங்க மாமனார் காலத்துலயே அந்த மூணு குழிய ஒதுக்கியாச்சு. மத்ததுக்குப் பேசும்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா செம்பைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினார்.

"அம்மா, மூணு குழின்னா... எங்க இருக்கு அந்தக் குழி?"

வெங்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "குழி எங்க இருக்கும்? நெலம்யா! நெலத்த அளக்குற குழிக் கணக்கு தெரியாதா? நீரு எந்த ஊரு?"

வெற்றிலைப் பையை ரயிலிலேயே விட்டு வந்திருந்தார், பாவம்.

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். சவரிமுத்து என்ற பெயரைக் கேட்டதுமே அவள், "ரண்டி, ரண்டி!" என்று தன் வீட்டுத் தெலுங்கில் அழைத்தபடி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். தோப்பின் கோடியில் ஒரு கிணறு. அதை ஒட்டி, ஒரு சின்ன வீடு கட்டுமளவு இடம். கள்ளிவேலிக்குள் சப்பட்டை என்கிற ஜாதியில் ஒரு பெரிய மாமரம், அதன் நிழலில் தலைமாட்டுக்கு ஒன்றாக இரண்டு கல்.

"ஊரே தண்ணி இல்லன்னு கைவிட்ட எடத்துல கெணறு வெட்டித் தண்ணி காட்டுனவரு ஒங்கய்யா. எங்க மாமனாரு சந்தோசத்துல மூணு குழி குடுத்தாரு. வீடு கட்டுறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டாவ, இங்கயே அடக்கம். வருசா வருசம் நாங்க ஒரு வெளக்கு வைப்போம். நீங்க வேதக்காரவ, தப்பா நெனச்சிக்கிடாதிய."

அப்பா கல்லின் பக்கம் போகவில்லை, கிணற்றின் பக்கம் போனார். படியில் இறங்கிப் பக்கப்பாறையைத் தடவினார். பாறையை உடைக்க வெடிமருந்து வைத்த துளைகளின் தடம் பாதிப் பாதியாக இன்னும் இருந்தது. "நேராப் போட்டிருக்காரு. எங்க மிஷினு கூட இம்புட்டு நேராப் போடாது" என்றார். பிறகு மேலே வந்து, முழங்கால் போட்டு, விசும்பி விசும்பி அழுதார். நானும் அழுதேன். பாழுங்கிணற்றில் கிடக்கிறார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்த பெற்றோர், மாமர நிழலில் விளக்கோடு படுத்திருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் வெங்கம்மாள் அந்த மரத்துப் பழத்தைக் கூடையில் கொண்டுவந்து வைத்தாள். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"எங்கய்யா மேல காய்ச்சதுலா? எப்படித் திங்க?"

"அவிய வெட்டுன தண்ணிய நாங்க தெனமும் குடிக்கலியா? ரோட்டுல போறவுக அம்புட்டு பேரும் இதத் திங்காக. மகன் திங்கதுக்கு என்ன? சும்மா சாப்பிடும்!"

அப்பா ஒன்று சாப்பிட்டார். பிறகு எத்தனை என்று நான் கணக்கு வைக்கவில்லை. முழங்கை வரை சாறு வழிந்தது. சுடலையும், குத்தகை கிடைக்காத வியாபாரியும்கூடக் கூடையைக் காலி செய்ய உதவினார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. மே மாதம் வெயில் கொளுத்தும், ஆனால் பழம் அப்போதுதான் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிக்கொண்டு, ராஜபாளையத்துக்கு விடியற்காலையில் வண்டி கட்டுங்கள். கல்லறைத் தோட்டத்தில் பெயர் இல்லையென்றால் மனம் தளர்ந்துவிடாதீர்கள், தோப்பிலும் வயலிலும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வார்த்தைக்கு உங்கள் ஊர் அர்த்தம் வைக்காதீர்கள். அவர்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று முதலில் விசாரியுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் ஒரு ஆயுளையே பயத்தில் கழித்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பேச்சுக் கொடுத்தார். "பெரியவருக்குச் சொந்த ஊரு எது?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராசபாளையம். நெலம் இருக்கு, மூணு குழி."

"மூணே குழியா? அதுல என்ன செய்வீரு?"

"எங்கய்யாவும் ஆத்தாளும் இருக்காவ" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துச் சிரித்தபடி. "அவிய ரெண்டு பேரு போக, எனக்கும் எடம் கெடக்கு."