வாய் திறக்காத எள்ளு

டிக்... டிக்... டிக்...

காய்ஞ்ச எள்ளுக்காய் வெடிக்கிற சத்தம். மத்தியான வெயில்ல வயலுக்கு நடுவுல நின்னு காது கொடுத்தா நாலு பக்கமும் கேட்கும்.

படிச்சு முடிச்சதும் எனக்குக் கிடைச்ச முதல் வேலை, ஆறுமுகநேரி உப்பளத்தைத் தாண்டி ஒரு எள்ளு ஆராய்ச்சி வயல்ல. தர்ப்பணத்துக்கு இறைக்கிற எள்ளை நோண்டவா உன்னைப் படிக்க வச்சோம்னு அம்மா புலம்பித் தள்ளிட்டாங்க.

எள்ளுக்கு ஒரு கெட்ட குணம்... முத்தினா காய் தானா வாயைப் பிளந்து விதையை மண்ணுல கொட்டிடும். காய் வெடிக்காத ஒரு ரகத்துக்காக எங்க சார் பல வருஷமா ஒட்டுச் சேர்த்துக்கிட்டிருந்தார். அந்த சீசன்ல நல்ல விதை காட்டலைன்னா ப்ராஜெக்ட்டையே மூடிடுவாங்க.

கிடைச்சுடுச்சு. கடைசிப் பாத்தியில மட்டும் சத்தமே இல்ல. செடி காய்ஞ்சு நிக்குது, ஒரு காய்கூட வாய் திறக்கல. சார் சந்தோஷத்துல எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு என்னமோ அந்தப் பாத்திக்குள்ள தனியா போகவே பயமா இருந்துச்சு. யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கும்.

அறுக்கிறதுக்கு முன்னாடி கோடை மழை பிடிச்சுக்கிச்சு. விடுறதா இல்ல. வெயில் வந்ததும் சார்கூட நானும் ரெஜினாவும் ஓடினோம். ரெஜினா கடற்கரைப் பொண்ணு, என் வயசுதான், வயல் வேலையில எனக்குத் துணை.

காயெல்லாம் அப்படியே மூடியிருந்துச்சு. சார் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. ஒண்ணை உடைச்சுப் பாரும்மான்னார். ரெஜினா நகத்தால கீறினா. கீறின காயை என் பக்கம் நீட்டினா.

"ஏளா... உள்ள முளைச்சிக் கெடக்குளா."

வெள்ளை வெளேர்னு முளை... நூல் நூலா, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, வெளிய வர வழி தேடிச் சுவரெல்லாம் தடவியிருக்கு. அடுத்த காயிலயும் அதே. அதுக்கடுத்ததுலயும். வெயில் பட்டதும் எங்க கையிலேயே வதங்கிப் போச்சு.

"வாயைக் கட்டிட்டோம்மா"ன்னார் சார்.

அவ்வளவுதான். ப்ராஜெக்ட்டை மூடிட்டாங்க. கிளம்பின அன்னைக்கு சார் எங்ககிட்ட சொல்லிக்கக்கூட இல்ல. எனக்குக் கோபம் வரல, பாவமாத்தான் இருந்துச்சு.

இப்ப நான் தூத்துக்குடி ஹார்பர் பக்கத்துல ஒரு லேப்ல இருக்கேன். கப்பல்ல வர்ற பாமாயிலை டெஸ்ட் பண்ற வேலை. எத்தனை நாள் மூடி வச்சாலும் அதுக்குள்ள எதுவும் முளைக்காது.

நிம்மதியான வேலைதான் மக்கா... ஆனாலும், எதுவுமே முளைக்காத இடத்துல உக்காந்திருக்கோமேன்னு சில நாள் மனசு கிடந்து அடிச்சுக்குது.